கிரியேட்டினின் 1.5 வந்தா கிட்னி போச்சுன்னு யாரு சொன்னது?

அருவங்காட்டுக்காரர்: மச்சினன் பையன், 22 வயசு. ராணுவ ஆள்சேர்ப்புக்கு உடம்பு ஏத்தணும்னு கேத்தி மாஸ்டர் ஜிம்முல கொடுத்த கிரியேட்டின் பவுடரைக் கரைச்சுக் குடிச்சான். இப்ப ரத்தத்துல கிரியேட்டினின், அதான் கிட்னி வடிகட்டி வெளியேத்தற கழிவு, 1.5. அளவு கூடன்னு லேப் தாள்லயே தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. குன்னூர், வெலிங்டன் பக்கம் பிள்ளை வச்சிருக்கறவங்க உஷாரா இருங்க. கிட்னியைத் தின்னுடும்.

கேத்தி மாஸ்டர்: ஆரம்பிச்சாச்சா? தசையில இருக்கற கிரியேட்டின்ல தினமும் ஒண்ணு ரெண்டு சதவீதம் கிரியேட்டினினா மாறி மூத்திரத்துல போயிட்டே இருக்கும். பவுடர் சாப்பிட்டா, தசை ஏறினா, அதுவும் ஏறும். கிட்னி நல்லாவே வேலை செஞ்சாலும் தாள்ல நம்பர் கூடத்தான் வரும்.

அருவங்காட்டுக்காரர்: 1.5 வந்துச்சா வரலையா? அதைச் சொல்லுங்க.

கேத்தி மாஸ்டர்: வந்துச்சுங்க! சிஸ்டாட்டின் சி பார்த்தீங்களா? அதுவும் கிட்னிக்கான ரத்த டெஸ்ட்தான், ஆனா தசையை நம்பி இருக்கற அளவு இல்ல. மூத்திரத்துல ஆல்புமின்ங்கிற புரதம் போகுதான்னு பார்த்தீங்களா? முந்தின ராத்திரி பையன் கறி தின்னானான்னு கேட்டீங்களா? வெந்த கறி தின்னாக்கூட ஏறும். 2017ல சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கமே ஆரோக்கியமானவங்களுக்குப் பயமில்லைன்னு எழுதிருச்சு.

கோத்தகிரி லேப் பொண்ணு: மாஸ்டர் சொல்றதுல பாதி சரிங்க. கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு சொல்ற ஈஜிஎஃப்ஆரையும் பெரும்பாலும் கிரியேட்டினினை வச்சுத்தான் கணக்குப் போடறோம். அதனால அதுவும் குறைஞ்சு காட்டும். ஆனா "ஆரோக்கியமானவங்க"ங்கிற வார்த்தையை மாஸ்டர் வேகமாத் தாண்டிட்டார். ஏற்கெனவே கிட்னி நோய் இருக்கறவன், சர்க்கரை, பிரஷர் இருக்கறவன் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்தப் பையனுக்காவது ரத்தம் எடுத்துப் பார்த்தீங்களா மாஸ்டர்? பழைய நம்பர் இருந்தா இந்தச் சண்டையே வராது.

அருவங்காட்டுக்காரர்: பார்த்துக்கோங்க, லேப் பொண்ணே சொல்லிருச்சு. 1.5ன்னா ஆபத்து.

கோத்தகிரி லேப் பொண்ணு: அப்படி நான் சொல்லலைங்க.

கேத்தி மாஸ்டர்: 1998ல லான்செட் மருத்துவப் பத்திரிகையில, கிரியேட்டின் சாப்பிட்டவருக்குக் கிட்னி கெட்டுச்சுன்னு வந்த ஒரு கேஸைப் பிடிச்சுட்டுத்தான் உலகமே இன்னும் தொங்குது. அந்த 25 வயசு ஆளுக்கு முன்னாடியே கிட்னி நோய். எதிர்ப்புச் சக்தியை அடக்கற சைக்ளோஸ்போரின் மருந்து சாப்பிட்டுட்டு இருந்தவர்.

கோத்தகிரி லேப் பொண்ணு: கிரியேட்டினை நிறுத்தினதும் அவருக்குச் சரியாச்சுங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. நான் சொன்னதும் அதுதானே?

தேயிலைத்தோட்டத் தம்பி: மாஸ்டர் ஜிம்முல முதல் வாரமே 20 கிராம் போடச் சொல்றாங்க. தினம் 3லிருந்து 5 கிராம் போதும்னு கடையில விக்கற டப்பாவுலயே இருக்கு. இந்தக் குளிர்ல யாரும் தண்ணியும் குடிக்கறதில்ல. அதுலயே நம்பர் ஏறும்.

கேத்தி மாஸ்டர்: 20 கிராம் நாலு வேளையாப் பிரிச்சு, அஞ்சாறு நாளைக்கு மட்டும். உலகம் பூரா செய்யறது. தம்பி, நீ பனிக்காலத்துல படுக்கையை விட்டு எந்திரிக்காதவன். உனக்கு எதுக்கு அளவு?

தேயிலைத்தோட்டத் தம்பி: லேபிள் இல்லாத டப்பாவுல அள்ளிக் கொடுக்கறீங்களே, அதுல இருக்கறது கிரியேட்டின்தான்னு என்ன உத்தரவாதம்? அதுக்குப் பதில் சொல்லாம என் படுக்கையைப் பத்திப் பேசறீங்க.

அருவங்காட்டுக்காரர்: லேபிளே இல்லையா! நாசமாப் போச்சு. 1.5 சும்மா வரலை.

கேத்தி மாஸ்டர்: பெரிய டப்பாவுல வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கறேன், விலை குறையும்னு. மலைக்கு மேல சரக்கு ஏத்தற செலவு உங்களுக்குத் தெரியுமா? இந்த வட்டாரத்துப் பயலுக எத்தனை பேரு என் கையால ஓட்டத்துல தேறினாங்கன்னு போய் விசாரிங்க.

கோத்தகிரி லேப் பொண்ணு: ஓட்டத்தைப் பத்தி யாரும் கேக்கலைங்க. அந்தப் பையன் பவுடரை நிறுத்திட்டு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு, ஜிம்முக்கும் போகாம, கறியும் தின்னாம திரும்ப ரத்தம் கொடுக்கட்டும். சிஸ்டாட்டின் சி-யும் சேர்த்து. டாக்டர்கிட்ட பவுடர் சாப்பிட்டதை மறைக்க வேண்டாம்.

அருவங்காட்டுக்காரர்: திரும்பவும் ரத்தமா? உங்க லேபுக்கு வருமானம், அவர் ஜிம்முக்கு வருமானம்.

கேத்தி மாஸ்டர்: பேச்சு திசை மாறுது. தம்பி, பெரிய டப்பாவோட பில் என்கிட்ட இருக்கு. நாளைக்கு வந்து பாரு. வரும்போது போன மாசத்து ஜிம் பீஸையும் எடுத்துட்டு வா.

தேயிலைத்தோட்டத் தம்பி: பில்லோட போட்டோவை இங்கேயே போடுங்க. பீஸ் அப்புறம்.