நார்க்களத்தில் ஓட்ட ஃபோர் வீல் டிரைவ் ஆர்சி பக்கி: பதினைந்தாயிரத்துக்குள் எது தாங்கும்?

தோப்புக்காரன் (ஆனைமலை):

எல்லோருக்கும் வணக்கம். கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. ஒட்டியே பங்காளிகளின் மஞ்சி (தேங்காய் நார்) மில். நார்த்தூள் காயப்போடும் சிமெண்டுக் களம் ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மாதான் கிடக்கும். அங்கே ஓட்ட ஒரு ஆர்சி பக்கி, அதாவது ரிமோட்டில் ஓடுகிற தாழ்வான குட்டி கார் வேண்டும். அக்கா பையனுக்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ரிமோட் அவன் கைக்கு எப்போது போகும் என்பது வேறு விஷயம்.

ரேஸ் எல்லாம் இல்லை. களத்தில் வட்டமடிக்கணும், நார்த்தூள் குவியலில் ஏறிக் குதிக்கணும், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரை மண் ரோட்டில் கொஞ்சம் விரட்டணும். தோப்புக்குள்ளும் போகும். மட்டை, பன்னாடை எல்லாம் கிடக்கும் என்பதால் ஃபோர் வீல் டிரைவ்தான் சரி என்று தோன்றுகிறது. திருவிழாக் கடைப் பொம்மை வேண்டாம். அதில் ஸ்டியரிங் ஒன்று முழுசாகத் திரும்பும், இல்லையென்றால் திரும்பவே திரும்பாது.

பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து பதினைந்தாயிரம். நான் பார்த்து வைத்திருப்பது டபிள்யூஎல்டாய்ஸ் 144001, டாமியா டிடி-02பி (TT-02B) கிட், ஆர்மா டைஃபான் கிராம். இதில் எது தாங்கும்? உடைந்தால் பாகம் கிடைக்குமா?

உடுமலை ராக்கெட்:

144001 ப்ரோ, கண்ணை மூடிட்டு வாங்குங்க. மெட்டல் சேசிஸ், 550 மோட்டார், 60 கிலோமீட்டர் வேகம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். ஓட்டிப் பழகினதும் பிரஷ்லெஸ் மோட்டார் மாற்றி 3எஸ் (மூன்று செல்) பேட்டரி போட்டால் பறக்கும்.

கோபாலபுரம் வைண்டிங்:

தோப்புக்காரரே, ராக்கெட் தம்பி சொன்ன வண்டி சரிதான். அந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துவிடுங்கள். நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். நம் பக்கத்து ஆர்சி கார்கள் என் மேஜைக்கும் வந்து போகின்றன. பறந்த கார்கள்தான் அதிகம் வருகின்றன.

வாங்கும்போது எல்லோரும் வேகம் கேட்கிறார்கள், மோட்டார் கேட்கிறார்கள். நம் ஊரில் வண்டியைக் கொல்வது மஞ்சி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் நாலு மூலையிலும் ஆக்சில் சுற்றுகிறது. ஒவ்வொன்றும் களத்தில் கிடக்கிற நாரைத் தறியில் பாவு சுற்றுகிற மாதிரி சுற்றி இழுத்துக்கொள்ளும். சக்கரத்துக்குப் பின்னால் ஹெக்ஸ் என்று ஒரு அறுகோணத் துண்டு இருக்கும். அதற்கும் பேரிங்குக்கும் நடுவில் நார் புகுந்து இறுகும். வெளியே ஒன்றும் தெரியாது. முதலில் பேரிங்கின் மூடித்தகடு பிதுங்கும், அப்புறம் உள்ளே தூள் போகும், அப்புறம் சூடு. சக்கரம் கடினமானதால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். கடைசியில் மோட்டார் கருகிவிட்டது என்று கொண்டுவந்து தருவார்கள். மோட்டார் மேல் ஒரு தப்பும் இருக்காது.

ஆகவே என் முதல் கேள்வி, சக்கரத்தையும் டிரைவ் ஷாஃப்டையும் எவ்வளவு சுலபமாகக் கழற்றி மாட்டலாம் என்பதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாலு சக்கரத்தையும் கழற்றி, பழைய பிளேடு முனையால் நாரைக் கிழித்து எடுக்கணும். பத்து நிமிட வேலை. அதற்குச் சோம்பல் என்றால் டூ வீல் டிரைவ் வாங்குங்கள், முன்பக்கம் ஷாஃப்ட் தொல்லை இல்லை. ஆனால் நார்த்தூள் குவியலில் டூ வீல் வண்டி பின்சக்கரத்தால் குழி தோண்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். முன்சக்கரமும் இழுத்தால்தான் ஏறும். நீங்கள் கேட்ட இடத்துக்கு ஃபோர் வீல்தான் சரி.

இனி உங்கள் மூன்று வண்டிகள்.

டைஃபான் கிராம் நிஜ வண்டியில் 1/18 அளவு. நல்ல வண்டி, ஃபோர் வீல்தான். ஆனால் அவ்வளவு குட்டி வண்டி நார்த்தூளில் முங்கிவிடும். ஒரு பன்னாடை கிடந்தால் அதற்கு அது மலை. வீட்டு வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் அதை எடுக்கலாம்.

டிடி-02பி எனக்குப் பிடித்த வகை. டாமியா 1985லேயே ஹாட்ஷாட் என்று ஃபோர் வீல் பக்கி போட்டவர்கள், அந்த அனுபவம் இதில் தெரியும். கியர்கள் பெட்டிக்குள் மூடியிருக்கும், நார் போவது கஷ்டம். பாகமும் வருஷக்கணக்கில் கிடைக்கும். ஆனால் அது கிட். நீங்களே பூட்டணும். பையனை உட்காரவைத்துப் பூட்டினால் அதுவே ரெண்டு ஞாயிறு போகும், அந்தச் சுகம் தனி. சிக்கல் காசில்தான். ரேடியோ, சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார்), பேட்டரி, சார்ஜர் தனித்தனியாக வாங்கணும். பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புஷ் வரும். நம் தூசியில் புஷ் நிற்காது, பூட்டும்போதே 1150 பேரிங், அதாவது 5க்கு 11 மில்லிமீட்டர், முழு செட் போட்டுவிடணும். எல்லாம் கூட்டினால் பதினைந்தாயிரம் தாண்டிவிடும்.

மிச்சம் 144001. 1/14 அளவு, அலாய் தட்டு சேசிஸ், முன்னும் பின்னும் டிஃப் (வளைவில் இரு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கியர்), நடுவில் ஒரே ஷாஃப்ட், எல்லா இடத்திலும் பேரிங். வீல் ஹெக்ஸ் 12 மில்லிமீட்டர், பெரிய வண்டிகளின் டயரும் பொருந்தும். பேட்டரி, சார்ஜர், ரிமோட் பெட்டியிலேயே வரும். இதை நான் சிபாரிசு செய்ய இன்னொரு காரணம், உலகம் பூரா விற்ற வண்டி. சஸ்பென்ஷன் கை, முன்பக்க ஹப் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்), ஷாஃப்ட், கியர் எல்லாம் சில்லறையாக ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு குறை. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் ஒரே போர்டு. ஒன்று போனால் இரண்டும் போச்சு. அதனால்தான் 3எஸ் வேண்டாம் என்கிறேன். அந்த போர்டு இரண்டு செல்லுக்குச் செய்தது.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது சில உண்டு. உலோகத்தில் இறங்குகிற ஸ்க்ரூவை எல்லாம் கழற்றி நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து முறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்குகிற ஸ்க்ரூவுக்கு அது கூடாது, பிளாஸ்டிக் வெடிக்கும். டிஃப்பைத் திறந்து கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரின் காற்று ஓட்டைகளுக்கு மேல் நைலான் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். காற்று போகும், மஞ்சி போகாது. பிரஷ் மோட்டாருக்குள் ஒரு நார் போய் கார்பனுக்கும் கம்யூட்டேட்டருக்கும் நடுவில் மாட்டினால் தீப்பொறி விட ஆரம்பிக்கும்.

குதிக்கும்போது ஒரு விஷயம் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். வண்டி காற்றில் இருக்கும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மூக்கு தூக்கும், பிரேக் போட்டால் மூக்கு இறங்கும். அதை வைத்து நேராக இறக்கலாம். ஆனால் தரை தொடுகிற நொடியில் விரல் எடுத்திருக்கணும். முழு வேகத்தில் சுற்றுகிற சக்கரம் சிமெண்டைத் தொட்டதும் சட்டென்று நிற்கும், அந்த அடி முழுதும் டிஃப் கியர் பல்லில் இறங்கும். நார்த்தூள் மேல் இறங்கினால் பயமில்லை. களத்து ஓரத்துச் சிமெண்டில் இறங்குவதுதான் செலவு.

இன்னொன்று. நார்த்தூளில் இயற்கையாகவே உப்பு உண்டு, ஏற்றுமதிக்காரர்கள் அதைக் கழுவித்தான் அனுப்புகிறார்கள். ஈரத் தூளில் ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் பேரிங் துருப்பிடிக்கும். துடைத்து, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பஞ்சர் கடைக் காற்றைப் பக்கத்தில் பிடித்து அடிக்காதீர்கள், தூசியை பேரிங்குக்குள் அனுப்பிவிடும்.

கடைசியாக பேட்டரி. இதைப் படிக்காமல் போய்விடாதீர்கள். இந்த வண்டிகளில் வருவது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. அதன் செல் ஒன்று நிறைந்தால் 4.2 வோல்ட், ஓட்டும்போது 3.2க்குக் கீழே இறக்கக்கூடாது, சும்மா வைக்க 3.8. பெட்டியில் வருகிற 1500 எம்ஏஎச் பேட்டரி கால் மணி நேரம்கூட முழுசாக ஓடாது. இன்னொன்று வாங்குவீர்கள், எல்லோரும் வாங்குகிறார்கள். இரண்டு செல்லையும் தனித்தனியாகச் சமன்செய்யும் பேலன்ஸ் சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். மில்லுக்குள்ளும் களத்திலும் சார்ஜ் போடாதீர்கள். நாருக்கும் தூளுக்கும் ஒரு பொறி போதும், மேலே அணைந்த மாதிரி இருந்து உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சூடான பேட்டரியை மஞ்சி மூட்டை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலில் மண்சட்டியில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

உடுமலை ராக்கெட்:

அண்ணா, 3எஸ் சும்மா ஆசைக்குச் சொன்னது. கொசுவலை ஐடியா செம.

கரிசல் (கொழிஞ்சாம்பாறை):

வைண்டிங் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. தோப்புக்குள் ஓட்டணும் என்றால் பக்கியே வேண்டாம். பக்கி தாழ்வான வண்டி, வயிறு தரையோடு போகும். ஒரு தென்னை மட்டையின் தண்டு போதும், சேசிஸ் அதன் மேல் ஏறி நாலு சக்கரமும் காற்றில் சுற்றும். அதே விலைக்கு டிரகி (பக்கிக்கும் டிரக்குக்கும் நடுவிலான வகை) அல்லது மான்ஸ்டர் டிரக் வாங்கினால் சக்கரம் பெரிது, வயிறு மேலே. வளைவில் கொஞ்சம் கவிழும், அவ்வளவுதான்.

மண்ணையும் பாருங்கள். கேரளாவில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். கோடையில் கல் மாதிரி, பிரமாதமான டிராக். ஜூன் பிறந்து ஒரு மழை விழுந்தால் சக்கரம் நாலும் அதிரசம் ஆகிவிடும். அன்றைக்கு எந்த டிரைவும் உதவாது, வண்டியை எடுக்காதீர்கள். உங்கள் பக்கம் செம்மண், ஆகவே மழை விட்ட அடுத்த நாளே ஓட்டலாம்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து விலையை ஒப்பிடவும் வேண்டாம். பொம்மைக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் 70 ஆக்கினார்கள். 2021 ஜனவரி முதல் பிஐஎஸ் தர முத்திரையும் கட்டாயம். நேராக வெளியிலிருந்து வரவழைக்கிறேன் என்று காசு கட்டிவிட்டுக் காத்திருக்காமல், இங்கே ஸ்டாக் வைத்திருக்கும் கடையில் பில்லோடு வாங்குங்கள். உதிரியில் முன் ஹப் ஒரு ஜோடி, கை ஒரு ஜோடி அதே ஆர்டரில் போட்டுவிடுங்கள். முதலில் உடைவது எப்போதும் முன்பக்கம்தான்.

கோபாலபுரம் வைண்டிங்:

வயிறு இடிக்கும் என்பது நிஜம். ஆனால் அவர் முக்கால்வாசி நேரம் களத்தில்தான் ஓட்டப்போகிறார். சமதளத்தில் பக்கி திரும்புகிற அழகு டிரகிக்கு வராது. தோப்புக்குள் போகிற அன்றைக்கு ஷாக்கில் ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டினால் கொஞ்சம் உயரும். மட்டையைப் பொறுக்கிப் போட பையன்தான் இருக்கிறானே.

தோப்புக்காரன் (ஆனைமலை):

அண்ணா, ரொம்ப நன்றிங்க. 144001 என்றே முடிவு. மட்டை பொறுக்குவதைப் பையனிடம் சொன்னேன், அப்படியென்றால் ரிமோட் எனக்குத்தான் என்கிறான்.

இப்போது ஒரு சந்தேகம். கோயம்புத்தூரில் ஒருவர் பழைய 144001 தருகிறார். பேட்டரி இரண்டு, சில உதிரி பாகங்கள் சேர்த்து ஒன்பதாயிரம். அதிகம் ஓட்டவில்லை என்கிறார். எதைப் பார்த்து வாங்கணும்?

கோபாலபுரம் வைண்டிங்:

அதிகம் ஓட்டவில்லை என்று எல்லோரும்தான் சொல்வார்கள். ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். பள்ளம் தேய்ந்து வட்டமாகியிருந்தால் பலமுறை பிரித்திருக்கிறார். அது தப்பில்லை, பராமரித்தவராகவும் இருக்கலாம். ஆனால் தலை தேய்ந்த ஸ்க்ரூவை நீங்கள் கழற்ற முடியாது, அந்தத் தொல்லை உங்களுக்கு வரும்.

பின்சக்கரம் இரண்டையும் யாரையாவது பிடிக்கச் சொல்லிவிட்டு முன்சக்கரம் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரம் தலைகீழாகச் சுற்றணும், கரகரப்பு இருக்கக்கூடாது. அதே மாதிரி பின்பக்கம். கடகடவென்று விட்டுவிட்டுப் போனால் டிஃப் பல் போயிருக்கிறது. அடித்தட்டை ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஹப்பின் லூஸ் கைக்குத் தெரியும்.

அப்புறம் தரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையில் தூக்கிப் பிடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்துக் காட்டுவது கணக்கில் வராது, பாரம் ஏறினால்தான் பல் வழுக்குகிற சத்தம் கேட்கும். அஞ்சு நிமிடம் ஓடியதும் மோட்டாரைத் தொடுங்கள். சூடு இருக்கும். விரலைக் கொஞ்ச நேரம் வைக்கக்கூட முடியவில்லை என்றால் உள்ளே எதுவோ இறுகுகிறது.

தோப்புக்காரன் (ஆனைமலை):

பேட்டரி லேசாக வீங்கியிருக்கிற மாதிரி போட்டோவில் தெரிகிறது. அதைச் சொல்லி விலை குறைக்கலாமா?

கோபாலபுரம் வைண்டிங்:

தாராளமாகக் குறையுங்கள். ஆனால் வீங்கிய பேட்டரியைச் சும்மா கொடுத்தாலும் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள், பேட்டரி புதிதாக ஆர்டர் போட்டுக்கொள்ளலாம். வரும் வழியில் கடை திறந்திருந்தால் டிஃப்பைப் பிரித்துப் பார்த்துத் தருகிறேன்.