தாயகம் திரும்பியோர் வாரிசுகள் சங்கம்: யாரைச் சேர்ப்பது, எதை நோக்கமாக வைப்பது?

கோத்தகிரி வாசகர்

எல்லோருக்கும் வணக்கம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சேர்ந்து இங்கே ஒரு சங்கம் பதிவு செய்யப் போகிறோம். வாரிசு என்று யாரைச் சேர்ப்பது? சங்க வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து எழுதுவது? நோக்கங்களில் எதை முதலில் வைப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர் வாசகர்

வரலாற்றை 1964 ஒப்பந்தத்திலிருந்து தொடங்காதீர்கள். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அங்கிருந்து எழுதினால்தான் பின்னால் நடந்தது புரியும். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்டது சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இவர்களை எந்த நாடு ஏற்பது என்று. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை உங்கள் வரலாற்றில் கட்டாயம் எழுதுங்கள்.

நீலகிரிப் பகுதிக்கு 1968 முக்கியம். திரும்பி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை தேயிலை போட ஆரம்பித்தது அப்போதுதான். 1976-ல் அதுவே டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்ற அரசு நிறுவனம் ஆனது. நம் ஆட்கள் திரும்பி வந்த தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் 1984-ல் நின்றது.

வாரிசு விதியில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். "ஆண் வழி" என்று எழுதிவிடுவார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கியது பெண்கள். மகள் வழி, மகன் வழி, தத்துப்பிள்ளை மூன்றையும் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

குன்னூர் வாசகர்

மேலே சொன்னது சரி. ஆனால் சான்று என்ன கேட்பது என்பதில்தான் சண்டை வரும். தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை (ரேஷன் அட்டை இல்லை) அல்லது பழைய பாஸ்போர்ட், அதிலிருந்து பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதிலிருந்து பேரனுடையது என்று சங்கிலியாகக் கேளுங்கள். எழுத்துப் பிழைக்காக யாரையும் தள்ளாதீர்கள். அட்டையில் கருப்பாயி "கருப்பையா" ஆகியிருக்கும். பிறந்த தேதிக்கு வருஷம் மட்டும் இருக்கும். காகிதமே இல்லாதவர்களுக்கு அதே தோட்டத்து, முடிந்தால் அதே லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரியவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வையுங்கள்.

பதிவுக்கு 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது 7 பேர் வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் 3 வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் வருஷம் தவறாமல் மாவட்டப் பதிவாளரிடம் கொடுங்கள். ரெண்டு வருஷம் விட்டாலே பின்னால் இழுபறிதான். விதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் தேவை, அதனால் வாரிசு விதியை முதல் தடவையே யோசித்து எழுதுங்கள்.

கோத்தகிரி வாசகர்

ரொம்ப நன்றி. வீடுகளில் இருக்கும் அட்டைகளை வாங்கி லேமினேஷன் போட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அதையே முதல் வேலையாக வைக்கலாமா?

பந்தலூர் வாசகர்

வேண்டாம், தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் பசை உருகிக் காகித நாருக்குள் இறங்கிவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேறாது. செலோடேப்பும் கூடாது, சில வருஷத்தில் மஞ்சள் கறை மட்டும் மிஞ்சும்.

முதலில் ஸ்டேப்பிள் பின்னை எடுங்கள். மலை ஈரத்தில் துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் ஓட்டையாகும். பின்பக்கம் மடங்கிய கால் இரண்டையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்திவிட்டு, முன்பக்கமாகத் தூக்குங்கள். அப்புறம் 600 டிபிஐ-யில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். வெற்றுப் பக்கம் என்று பின்பக்கத்தை விடாதீர்கள், முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் கிடக்கும். அசலை பாலியெஸ்டர் உறையில் வைத்து ஒரு பக்கம் திறந்தபடி விடுங்கள். பிவிசி உறை மையை ஒட்டிக்கொண்டு உரித்துவிடும்.

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை பலம் என்பதால் இந்த வேலையைத் தை முதல் பங்குனிக்குள் முடியுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போடுங்கள்.

எந்த வீட்டிலிருந்து தொடங்குவது என்றால், தோட்ட வேலையில் இருந்து ஓய்வு பெறப் போகிறவர்களின் லயங்களிலிருந்து. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சாமான் ஏற்றும் அவசரத்தில் முதலில் தொலைவது அட்டைகளை வைத்திருக்கும் தகரப்பெட்டிதான்.