நாம் சைபர்பங்க் காலத்தில் வாழ்கிறோமா, சும்மா சொல்கிறார்களா?

நியான்மழை:
எனக்குச் சைபர்பங்க் என்றாலே, தொழில்நுட்பமும் பெரிய கம்பெனிகளும் ஆளும் இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் கதைகள், அதில் விடாத மழை, நியான் விளக்கு, கண்ணில் கேமரா பொருத்திய ஆட்கள், அவ்வளவுதான். 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தின் கதை நடப்பது 2019 நவம்பர், லாஸ் ஏஞ்சல்ஸில். அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது, பறக்கும் காரையும் காணோம், செயற்கை மனிதர்களையும் காணோம். ஆனாலும் எதற்கெடுத்தாலும் "இது சைபர்பங்க் காலம்" என்கிறார்கள். எதை வைத்து? கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறதே என்ற பதில் மட்டும் வேண்டாம்.

பழைய மோடம்:
பறக்கும் காரை விடுங்கள், அதெல்லாம் அலங்காரம். உடம்புக்குள் இருக்கும் கருவிகூட நமக்குச் சொந்தமில்லை, செய்த கம்பெனிக்குத்தான் சொந்தம் என்பதுதான் அந்தக் கதைகளின் பயமே. ஆர்கஸ் 2 என்ற செயற்கைக் கண் பற்றிப் படித்திருக்கிறீர்களா? கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம், பரம்பரை விழித்திரை நோயால் பார்வை போனவர்களுக்காகச் செய்தது. கண்ணாடியில் கேமரா, இடுப்பில் சின்னதாக ஒரு கணினி, விழித்திரை மேல் 60 மின்முனைகள். முழுப் பார்வை வராது, வெளிச்சமும் பொருள்களின் விளிம்பும் ஓரளவு பிடிபடும், ஆனால் பல வருடம் இருட்டிலேயே இருந்தவருக்கு அதுவே பெரிய விஷயம். 2013இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது, விலை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர், உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள்.

2019இல் கம்பெனி அதைக் கைவிட்டது, 2020இல் பெரும்பாலான ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் பழுதானால் பார்க்க ஆளில்லை, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தால் ஆபத்தா என்று கேட்டால்கூடப் பதில் சொல்ல ஆளில்லை. இதில் என்னை உறுத்துவது, வில்லன் என்று யாருமே இல்லை என்பதுதான். கதையில் என்றால் உயரமான கோபுரத்தில் ஒரு கொடூர முதலாளி உட்கார்ந்திருப்பான். இங்கே காசு தீர்ந்தது, கடையை மூடினார்கள், கண் மட்டும் நோயாளியிடம் மிச்சம்.

ரிமோட் கன்ட்ரோல்:
இதோடு டிராக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் ரஷ்யப் படையினர் உக்ரைனின் மெலிடோபோலில் இருந்து அமெரிக்காவின் ஜான் டீர் கம்பெனி செய்த விவசாய இயந்திரங்களைத் திருடி, ரஷ்யாவின் செச்னியா வரை கொண்டுபோனார்கள், அங்கே போனதும் அவை ஓடவில்லை, தூரத்திலிருந்தே பூட்டிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். ஆனால் அதே மாதிரி மென்பொருள் பூட்டால்தான் அமெரிக்க விவசாயி தன் டிராக்டரைத் தானே பழுதுபார்க்க முடியாமல் டீலருக்காகக் காத்திருக்கிறார்.

குரங்குபெடல்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த எழுத்தாளர்கள் கோட்டைவிட்டதையும் சொல்லுங்களேன். 1984இல் வில்லியம் கிப்சன் எழுதிய 'நியூரோமான்சர்' நாவலில் மூளையை நேராக நெட்வொர்க்கில் செருகுகிறார்கள், ஆனால் செல்போன் கிடையாது, நாயகன் நடந்துபோகப் போக வரிசையாக இருக்கும் பொதுத் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அடிக்கின்றன :)

அதைவிடப் பெரிதாகக் கோட்டைவிட்டது, ஹேக்கரை வீரனாக்கியதில். 2017இல் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது மாட்டிக்கொண்டது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள், எந்த முதலாளியின் கோபுரமும் சாயவில்லை. இன்னொன்று, கதையில் ஆட்களைப் பிடித்துவைத்து ஸ்கேன் செய்வார்கள். 2023இல் நைரோபியில் மக்கள் தாங்களே வரிசையில் நின்று, வேர்ல்ட்காயின் என்ற கிரிப்டோ காசுத் திட்டத்தின் உருண்டைக் கருவியில் கருவிழியைக் காட்டிவிட்டு, ஏறக்குறைய 7,000 ஷில்லிங் மதிப்புள்ள டிஜிட்டல் காசு வாங்கிப்போனார்கள். ஆகஸ்டில் கென்ய அரசு நிறுத்திவைத்தது. அந்தக் காசு தேவைப்பட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

நியான்மழை:
கென்யா விஷயம் எனக்குப் புதுசு. சரி, ஆனால் இதெல்லாம் பழைய முதலாளித்துவம்தானே? சைபர்பங்க் என்று தனிப் பெயர் எதற்கு?

பழைய மோடம்:
பாதி சரி. ஆனால் பழைய முதலாளி உங்களுக்குச் சைக்கிள் விற்றால் அதோடு அவன் வேலை முடிந்தது, நடுரோட்டில் வைத்து அதை நிறுத்த அவனால் முடியாது. இப்போது முடிகிறது. குரங்குபெடல் சொன்ன மருத்துவமனை விஷயத்தை நான் மறுக்கவில்லை, ஹேக்கர் விஷயத்தில் அந்த எழுத்தாளர்கள் போட்ட கணக்கு தப்புதான்.