சிகரெட் பிடித்தவர்களைக் கொரோனா தொடவில்லையா?

புகைவண்டி:
தலைப்பைப் பார்த்துவிட்டு அடிக்க வராதீர்கள். 22 வருடமாகப் பிடிக்கிறேன், நாளைக்கு ஒரு பாக்கெட். இரண்டு அலையிலும் எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. சிகரெட்டைக் கையாலும் தொடாத என் மச்சான் பத்து நாள் ஆக்சிஜனில் கிடந்தார்.

இதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் பாரிஸின் பித்தியே-சால்பெத்ரியேர் மருத்துவமனை டாக்டர்கள் தங்கள் கொரோனா நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். பிரான்சில் அப்போது பெரியவர்களில் சுமார் நான்கில் ஒருவர் தினமும் புகைத்தவர். ஆனால் அந்த நோயாளிகளில் தினமும் புகைத்தவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அதற்கு முன்பே சீனாவிலிருந்து வந்த ஆய்வில் 1,099 நோயாளிகளில் 12.6 சதவீதம்தான் புகைப்பவர்கள். சீன ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஊதித் தள்ளுகிறவர்கள்! பாஸ்டர் நிறுவனத்தின் ழான்-பியேர் ஷான்ஷோ, சாதாரண ஆள் இல்லை, பெரிய நரம்பியல் விஞ்ஞானி, சிகரெட்டில் உள்ள நிகோடின் வைரஸைத் தடுக்கலாம் என்றே ஒரு கருதுகோள் வைத்தார். இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

தேநீர்க்கடை:
பேசாமலா இருந்தார்கள்? அந்த ஏப்ரலிலேயே பிரெஞ்சு அரசு, சிகரெட்டை விட உதவும் நிகோடின் பட்டைக்கும் (தோலில் ஒட்டுவது) சூயிங்கத்துக்கும் கட்டுப்பாடு போட்டது. மருந்துக்கடையில் ஒருவருக்கு ஒரு மாத அளவுதான், இணைய விற்பனை கிடையாது. ஜனங்கள் மொய்த்துவிடுவார்கள் என்ற பயம். கபசுரக் குடிநீருக்கு நாம் நின்ற வரிசையைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

புள்ளிக்காரன்:
வண்டி சார், அந்தச் சீன ஆய்வை முழுதாகப் படித்தீர்களா? ஐ.சி.யூ., வென்டிலேட்டர், மரணம் என்று போனவர்களில் புகைப்பவர்கள் 25.8 சதவீதம். அந்த நிலைக்குப் போகாதவர்களில் 11.8. நீங்கள் சொன்ன 12.6 இரண்டையும் கலந்த எண்.

அப்புறம் இருமல். தினமும் புகைப்பவருக்கு அது பழைய உறவு. கொரோனா பயத்தில் இருமியவர்கள் எல்லாம் சோதனைக்கு ஓடினோம். புகைப்பவர்களில் பலருக்கு அது வெறும் சிகரெட் இருமல், நெகட்டிவ் வரும். புகைக்காதவருக்குப் புதிதாக இருமல் வந்தால் அது தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆக, சோதனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் புகைப்பவர்களில் பாசிட்டிவ் குறைவாகத்தான் தெரியும். அவர்களைச் சிகரெட் காப்பாற்றியது என்று அதற்கு அர்த்தமில்லை.

புகைவண்டி:
சரி, அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஓபன்சேஃப்லி ஆய்வு, 2020 ஜூலையில் நேச்சர் இதழில் வந்தது. எல்லாக் காரணிகளையும் சரிக்கட்டிய பிறகு, ஒருபோதும் புகைக்காதவர்களின் கொரோனா மரண ஆபத்தை 1 என்று வைத்தால் புகைப்பவர்களுக்கு 0.89. ஒன்றுக்குக் கீழே! இது சோதனைக்கு வந்தவர்களின் கணக்கும் இல்லை.

புள்ளிக்காரன்:
இதை எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். வயது, பாலினம் இரண்டை மட்டும் சரிக்கட்டினால் அதே ஆய்வில் 1.14. அதாவது கூடுதல் ஆபத்து. 0.89 எப்படி வந்தது? நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிக்கட்டியதால். அந்த நோய்களைப் பலருக்குக் கொடுத்ததே சிகரெட்தானே? குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தவரின் கால் முறிவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, குடியால் இவருக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்பது போல இருக்கிறது.

இரவுப்பணி:
நான் நர்ஸ். 2021 மே மாதம் கொரோனா வார்டில் இருந்தேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். ஆய்வுக் கணக்குகளுக்கு எண்கள் எங்கிருந்து போகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேஸ் ஷீட்டில் பழக்கவழக்கம் என்று ஒரு இடம் உண்டு. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 80-க்கு இறங்கி, மாஸ்க்கோடு மூச்சுக்கு அலைகிறவரிடம் ‘பீடியா சிகரெட்டா, எத்தனை வருஷம்’ என்று கேட்க முடியாது. கூட வந்த உறவினரை உள்ளே விடமாட்டார்கள். மகனுக்குப் போன் போட்டால், ‘அப்பாவுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது சிஸ்டர்’ என்பார். பாதி நாள் அந்த இடம் காலியாகவே இருக்கும். காலியாக இருந்தால் பிறகு யாரோ ‘இல்லை’ என்று ஏற்றிவிடுவார்கள். எந்தப் பழக்கமும் இல்லாத ஒரு பெரியவர் நான்காம் நாள் கண் திறந்து என்னிடம் முதலில் கேட்டது தீப்பெட்டி. ஆக்சிஜன் ஓடும் வார்டில்! அன்று எனக்கு நின்றுபோக இருந்தது மூச்சு.

காய்ச்சல் கண்ட அன்றே நிறுத்தியவர்கள் இன்னொரு கூட்டம். ‘விட்டுட்டேம்மா’ என்பார்கள். எழுதும்போது அவர் முன்னாள் புகைப்பவர். விட்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

புகைவண்டி:
அக்கா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் அதே ஓட்டை எதிர்ப்பக்கத்துக்கும் உண்டே? கேஸ் ஷீட்டே சரியில்லை என்றால் சிகரெட் கெடுதல் செய்தது என்று மட்டும் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்குப் பாதகமான எண் என்றால் சரியான எண், சாதகமானது என்றால் ஓட்டை எண்ணா?

புள்ளிக்காரன்:
நியாயமான கேள்வி. இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

பதில் பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் என்ற மருத்துவ ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பல ஆண்டு முன்பே சேர்ந்து, தங்கள் பழக்கங்களைச் சொல்லி, ரத்தமும் கொடுத்துவிட்டுப் போனவர்கள். மூச்சுத் திணறும்போது கேட்டு எழுதியதில்லை. அவர்களில் 4,21,469 பேரை வைத்து 2021 செப்டம்பரில் தோராக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. புகைப்பவர்கள் கொரோனாவோடு மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட 80 சதவீதம் அதிகம்.

அதோடு மரபணுவையும் பார்த்தார்கள். புகைப்பழக்கத்துக்கு இழுக்கும் மரபணு வேறுபாடுகள் சில உண்டு. அவை பிறக்கும்போதே வந்தவை. நர்ஸ் தப்பாக எழுதவோ, மகன் மறைக்கவோ முடியாது. அந்த நாட்டம் உள்ளவர்களுக்குத் தொற்று ஆபத்து 45 சதவீதமும் மருத்துவமனைக்குப் போகும் ஆபத்து 60 சதவீதமும் கூடுதலாக வந்தது. தொற்றே அதிகம், கவனியுங்கள்.

இன்னொன்று. புகைப்பவர்களுக்குத் தொற்று 23 சதவீதம் குறைவு என்று மெக்சிகோ தரவை வைத்து ஒரு கட்டுரை யூரோப்பியன் ரெஸ்பிரேட்டரி ஜர்னலில் வந்ததே? 2021 மார்ச்சில் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஆசிரியர்களில் இருவர் புகையிலைத் தொழிலோடு தங்களுக்கு இருந்த தொடர்பைச் சொல்லவில்லை.

தேநீர்க்கடை:
நிகோடின் பட்டையை ஒட்டிச் சோதித்தும் பார்த்தார்கள், அதே பிரெஞ்சுக்காரர்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு ஒட்டியதில் இறப்பு குறையவில்லை. அப்படியே ஏதாவது பலன் இருந்திருந்தாலும் அது பட்டைக்குத்தான் சேரும், சிகரெட்டுக்கு இல்லை. புகை மூச்சுக்குழாயில் குப்பையைத் தள்ளும் நுண்மயிர்களைப் படுக்க வைக்கிறது. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ-2 புரதமும் புகைப்பவர்களின் மூச்சுக்குழாயில் அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள்.

ஜோபர்க்வாசி:
நான் சிகரெட்டுக்கு ஆதரவு இல்லை. ஆனால் இந்தக் கணக்குகளைக் காட்டி அரசுகள் செய்ததற்கும் ஆதரவு இல்லை. 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை தென்னாப்பிரிக்காவில் புகையிலை விற்பனைக்கே தடை. ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுப்பார்கள், எச்சிலில் பரவும் என்று அமைச்சர் தொலைக்காட்சியில் விளக்கினார். நடந்தது என்ன? பெயர் தெரியாத பாக்கெட் பல மடங்கு விலையில் தெருவுக்கு வந்தது. என் அலுவலகத்தில் தனித்தனியாகப் பிடித்தவர்கள் காசு கட்டுபடியாகாமல் ஒன்றைப் பகிர்ந்து இழுத்தார்கள். எதைத் தடுக்கப் போனார்களோ அதுவே! டிசம்பரில் வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது.

இரவுப்பணி:
உண்மைதான் சகோ, பூட்டு போட்டு யாரையும் நிறுத்த முடியாது. ஆனால் இங்கே பேச்சு தடையைப் பற்றி இல்லையே. வண்டி தம்பி சிகரெட்டைக் கவசம் என்கிறார்.

புகைவண்டி:
கவசம் என்று சொல்லவில்லை அக்கா, கேள்வி கேட்டேன். சரி, கொஞ்சம் கவசம் என்றுதான் நினைத்தேன்.

மரபணுக் கணக்கு எனக்கு முழுதாகப் புரியவில்லை, இன்னொரு முறை படிக்கிறேன். பாரிஸ் கணக்கையும் இன்னும் விடவில்லை. ஆனால் அக்கா எழுதியதைப் படித்ததும் மச்சானுக்குப் போன் போட்டேன். டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பழக்கவழக்கம்: இல்லை. ‘சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள்’ என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: காலேஜில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம் வரை. கடைப்பக்கம் மட்டும்தானாம், வீட்டுக்கு வருமுன் ஏலக்காய்.

அவர் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. இந்த இழையை எங்கள் குடும்ப வாட்ஸப்பில் யாரும் போட்டுவிடாதீர்கள்.