சேதமடைந்த காரைக் கிருமாம்பாக்கத்திலிருந்து கடலூர் வரை ஓட்டிச் செல்லலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகர்

வணக்கம். நேற்று இரவு புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும்போது, குறுக்கே வந்த மாட்டுக்காக ஒதுங்கிய எங்கள் கார் கிருமாம்பாக்கம் அருகே சாலைத் தடுப்பில் மோதிவிட்டது. எவருக்கும் காயமில்லை. முன்பக்க பம்பர் ஒருபுறம் தொங்குகிறது, இடப்பக்க ஹெட்லைட் உடைந்துவிட்டது, பானெட் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. உறவினர் வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியின் அடியில் காலையில் பச்சை நிறத் திரவம் சொட்டியிருந்தது. எஞ்சின் வழக்கம்போல் இயங்குகிறது. மஞ்சக்குப்பத்துப் பட்டறை வரை மெதுவாக ஓட்டிச் செல்வது பாதுகாப்பானதா, சட்டப்படி சரியா, இன்சூரன்ஸ் கிளெய்முக்கு இடைஞ்சல் வருமா என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

பதில்: அரியாங்குப்பம் வாசகர்

பம்பரைக் கயிற்றால் கட்டிவிட்டு, போக்குவரத்து குறைவான விடியற்காலையில் சென்றுவிடலாம். புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிவிட்டால் கடலூர் அதிக தூரமில்லை.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் பட்டறைக்காரர்

முந்தைய பதிலை ஏற்க இயலவில்லை, ஐயா. பச்சைத் திரவம் பெரும்பாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டாகத்தான் இருக்கும். பம்பருக்குப் பின்னால்தான் ரேடியேட்டர் இருக்கிறது என்பதால், இத்தகைய மோதலில் அது எளிதில் அடிபடும். வாசலில் ஐந்து நிமிடம் எஞ்சின் ஓடியதை வைத்து வண்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. கூலண்ட் வடிந்துவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி, அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய்விடும். சூட்டைக் காட்டும் முள்ளை நம்பி ஓட்டலாம் என்றாலோ, அதன் சென்சார் கூலண்டில் மூழ்கியிருக்கும் வரைதான் சரியாகக் காட்டும். பூட்டாத பானெட் அதைவிட ஆபத்தானது: எதிர்க்காற்றில் எழும்பி முன்கண்ணாடியை மறைத்துவிட்டால், பேருந்துகளும் லாரிகளும் ஓயாமல் செல்லும் அந்தச் சாலையில் உங்களுக்கு எதுவுமே தெரியாது. ஓட்டாதீர்கள்.

பதில்: இன்சூரன்ஸ் துறையில் பணியாற்றுபவர்

சேதமடைந்த வண்டியை ஓட்டுவதே குற்றம் என்று சட்டம் கூறவில்லை. கதவில் பள்ளம் விழுந்த வண்டியை எவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால், ஓட்டுபவருக்குத் தெரிந்த அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையோடு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் பொது இடத்தில் ஓட்டுவது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி குற்றமாகும். அதற்கு 1,500 ரூபாய் வரை அபராதம் உண்டு; அந்தக் குறையால் விபத்து நேர்ந்து எவருக்கேனும் காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இது மத்தியச் சட்டம் என்பதால் முள்ளோடைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றுதான்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, உங்கள் பாலிசியின் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். தேவையான பழுதுபார்ப்புக்கு முன் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அது முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று அதில் இருக்கும். ரேடியேட்டருக்குக் கிடைக்கும் தொகை, வழியில் எரிந்துபோகும் எஞ்சினுக்குக் கிடைக்காது. இப்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றாமல் வையுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தடுப்பு சேதமடைந்திருந்தால் அது பிறர் சொத்து. அதே சட்டத்தின் 134ஆவது பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். சம்பவம் புதுச்சேரி எல்லைக்குள் நடந்ததால் கடலூர் வந்து சொல்லலாம் என்று காத்திருக்காமல், இன்றே கிருமாம்பாக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

மறுகேள்வி: மஞ்சக்குப்பம் வாசகர்

மிக்க நன்றி. எஞ்சினை அணைத்துவிட்டு, என் தம்பியின் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வரலாமா?

பதில்: திருப்பாதிரிப்புலியூர் பட்டறைக்காரர்

வேண்டாம், ஐயா. எஞ்சின் நின்றிருக்கும்போது பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லைப்போல் இறுகிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர்பாக்ஸும் கெடும். நான்கு சக்கரங்களையும் மேலேற்றிக்கொண்டு வரும் ரெக்கவரி வண்டியை அனுப்பச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனத்திடமே கேளுங்கள். சாலை உதவிச் சேவை உங்கள் பாலிசியில் இல்லையென்றாலும், அருகிலுள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்லும் செலவில் ஒரு பகுதியைக் கிளெய்மில் கேட்கலாம் என்பதால் ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.