மறு: ஒருமுறைக் கடவுச்சொல் – வேறு சொல் வேண்டுமா?

வணக்கமுங்க. ஓடிபி-க்கு (ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல்) தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ ஏற்கெனவே புழங்குகிறது. மாற்ற என்ன அவசியம்?

அவசியம் போன வாரம்தான் வந்ததுங்க அண்ணா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சர்வரில், வெளியூரிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைகிறவர்களுக்கு ஓடிபி அமைத்தேன். திரையில் வரும் தமிழ் வரியும் என் கைவேலைதான்: ‘ஒருமுறை கடவுச்சொல்லை உள்ளிடவும்’. ஈரோட்டிலிருந்து நுழையப் பார்த்த கணக்குப்பிள்ளை தன் பழைய கடவுச்சொல்லையே அடித்திருக்கிறார். “ஒருக்கா போடச் சொல்லுச்சுங்க, ஒருக்காத்தான் போட்டேன்” என்றார். அவர் படித்ததில் தப்பே இல்லை. ‘க்’ விட்டது நான். ஆனால் ஒரு ஒற்றெழுத்தை நம்பிக் கதவைப் பூட்ட முடியுமா?

‘கடவெண்’ என்று இங்கே ஒருவர் சொல்லியிருந்தார். ஆறு இலக்கம் வருவதைப் பார்த்தால் சரிதான். ஆனால் 1995-இல் ஆர்எஃப்சி 1760 (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசையில் ஒன்று) விவரித்த எஸ்/கீ என்ற பழைய ஓடிபி முறையில், 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு குட்டிச் சொற்களைத்தான் அடிப்பார்கள். முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொண்டு, தினசரிக் காலண்டர் கிழிப்பதுபோல் ஒவ்வொரு வரியாகக் கழித்துக்கொண்டு போகலாம். அதனால் ‘சொல்’ இருக்கட்டும். ‘ஒருபொழுதுச்சொல்’ என்றும் யோசித்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: உதிர்சொல். வினைத்தொகை, ஒற்றுத் தொல்லை இல்லை. ‘உதிர்சொல்லை உள்ளிடவும்’ என்றால் யாரும் பழையதைத் தேட மாட்டார்கள். நேரத்தை வைத்துக் கணக்கிடும் முறைக்கு (ஆர்எஃப்சி 6238, 2011) இன்னும் பொருத்தம்: வழக்கமாக 30 விநாடிக்கு ஒன்று புதிதாக வரும், முருங்கைப்பூ மாதிரி, பறிக்காவிட்டாலும் கொட்டிவிடும். சர்வர் கடிகாரம் நாலு நிமிடம் பின்தங்கியிருந்ததால் சரியான எண்ணும் செல்லாமல், எனக்கு அரைநாள் போனது தனிக்கதை. 2005-இன் ஆர்எஃப்சி 4226, இது எத்தனையாவது எண் என்ற எண்ணிக்கையை வைத்து நடப்பது. அதில் காலக்கெடு கிடையாது. ‘நேர உதிர்சொல்’, ‘எண்ணிக்கை உதிர்சொல்’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

> உதிரி பாகத்தோடு குழப்பம் வராதா?

‘ரி’ வந்தால்தானுங்க உதிரி. எனக்கு உறுத்துவது வேறு. போன் தொலைந்தால் நுழைய, ஓடிபி அமைக்கும்போதே அந்த நிரல் சில எட்டிலக்க எண்கள் தருகிறதே, அவையும் ஒருக்காத்தான் செல்லும். ஆனால் தாமாக உதிராது. இப்போதைக்கு அவற்றைச் ‘சேமச்சொல்’ என்று கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு “டோக்கன்” என்கிறார். உங்களிடம் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்க.