பிசிபி துப்பாக்கிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன்.

பிசிபி (Pre-Charged Pneumatic) என்பது முன்கூட்டியே காற்றை அழுத்தி நிரப்பி வைத்துச் சுடும் ஏர் ரைஃபிள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி இங்கே நடக்கும் பேச்சில் வந்த ‘முன்னேற்ற வளித் துப்பாக்கி’ சரிப்படாது. முன்கூட்டியே ஏற்றியது என்ற பொருளில்தான் சொன்னீர்கள். ஆனால் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது வளர்ச்சிதான். சார்ஜ் என்பதை மின்னேற்றமாக எடுத்துக்கொண்ட ‘முன்மின்னேற்ற’ இன்னும் மோசம். காட்பாடியில் என் அக்கா மகன் புதிதாகச் சுடப் பழகுகிறான். அவனுக்கு எழுதிய குறிப்பில் இந்தச் சொல்லைப் போட்டேன். “மாமா, இதுக்கு சார்ஜர் தனியா வாங்கணுமா?” என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை, சொல் அப்படி.

திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கியைப் பாருங்கள். பேரலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தி நிற்கும். விசையை இழுத்ததும் அது விரிந்து பிஸ்டனைத் தள்ள, அந்த நொடியில்தான் காற்று அழுந்துகிறது. பிசிபியில் காற்று ஏற்கெனவே 200 பார் அழுத்தத்திலோ அதற்கு மேலோ துப்பாக்கியிலேயே உள்ள உருளைக்குள் இருக்கிறது. விசையை இழுத்தால் சுத்தி வால்வைத் தட்டும். வால்வு கண நேரம் திறந்து, ஒரு பெல்லட்டுக்கு (சிறு குண்டுக்கு) வேண்டிய காற்றை விட்டு மூடிக்கொள்ளும். ஒரு தடவை நிரப்பினால் பல முறை சுடலாம். ஸ்பிரிங் உதைப்பதும் இல்லை. 10 மீட்டர் போட்டிகளில் இன்று இந்த வகைதான் புழங்குகிறது.

ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்த வடஆற்காட்டுக்காரனுக்கு இதைச் சொல்ல வேறு உவமை தேட வேண்டாம். காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீரைத் தேக்கி, மதகைத் திறந்து அளவாக விடுகிறோமே, அதுதான் இது. ஆகவே என் சொல்: ‘காற்றுத்தேக்கத் துப்பாக்கி’. உருளை, ‘காற்றுத்தேக்கி’.

இங்கே வந்த இன்னொரு சொல்லான ‘தேக்குவளி’ சுருக்கமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் துப்பாக்கிகளில் தோளில் அணைக்கும் மரக்கட்டையும் உண்டு. தேக்கு என்றதும் மரம்தான் நினைவுக்கு வரும்.

காற்றுக்கு ‘வாயு’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விடுங்கள். வாயு என்று எழுதினால் எந்த சிலிண்டரிலிருந்தும் நிரப்பலாம் என்று ஒரு பையன் நினைத்துவிடக்கூடும். ஆக்சிஜனை இதில் அடைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை தீப்பற்றி வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. பெயரிலேயே ‘காற்று’ இருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அப்புறம், நிரப்புவதற்கு ‘காத்து பிடிப்பது’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் பிடித்த வழக்குதான். ஆனால் கார் டயருக்கு 2 பார் சொச்சம் போதும், இதற்கு அதைப்போல நூறு மடங்கு. பஞ்சர் கடை கம்பிரசரால் ஆகாது. இதற்கென்றே உள்ள கைப்பம்போ முக்குளிப்பவர்களின் காற்று சிலிண்டரோ வேண்டும். அதனால் ‘நிரப்பு’ என்றே வைக்கலாம்.

மிச்சம் இருப்பது ரெகுலேட்டர். தேக்கியில் அழுத்தம் இறங்க இறங்க பெல்லட்டின் வேகம் மாறாமல் காப்பது அது. ‘அழுத்தச் சீராக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், வாயில் நிற்கவில்லை. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?